காலனியக் காலப் படங்களில் ஆப்கானிய வீரர்களையும் உடைகளையும் படித்தறிவது எப்படி?

19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் வரைந்து அச்சிட்ட ஆப்கானிய வீரர்களின் படங்கள் இன்று பெரிய நூலகங்களின் மின் தொகுப்புகளில் எளிதாகக் கிடைக்கின்றன. நாடகத்துக்கு உடை அமைப்பவரும், வரலாற்றுக் கதைக்குச் சித்திரம் தீட்டுபவரும், கட்டுரைக்குப் பொருத்தமான படம் தேடும் இதழாசிரியரும் அவற்றில் ஒன்றை எடுத்து, “ஆப்கானியரின் பாரம்பரிய உடை” என்று அடியில் எழுதிப் பயன்படுத்திவிடுகிறார்கள். படத்தில் நிற்பவர் எந்த ஊரார், எந்தப் பருவத்துக்கு உடுத்தியிருக்கிறார், யாரிடம் சம்பளம் வாங்கினார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. அக்கேள்விகளுக்குப் பெரும்பாலும் படத்திலேயே விடை இருக்கிறது. உடையைப் பார்ப்பதற்கு முன் படம் உருவான வழியை அறிந்துகொள்வதும், பிறகு படத்தின் ஒவ்வொரு பகுதியையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்று தனித்தனியே முடிவு செய்வதும்தான் இங்கே நான் பரிந்துரைக்கும் முறை.

முதலில் மூன்று ஆண்டுகள்

படம் கைக்கு வந்ததும் ஒரு தாளில் மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: படம் காட்டும் நிகழ்ச்சி நடந்த ஆண்டு, ஓவியர் அந்த மனிதர்களை நேரில் பார்த்த ஆண்டு, படம் அச்சேறிய ஆண்டு. இம்மூன்றும் நெருங்கி இருந்தால் படத்தின் மதிப்பு உயரும். விலகிச் சென்றால் குறையும். வங்காளப் படையின் லெப்டினன்டான ஜேம்ஸ் ராட்ரே, 1839 முதல் 1842 வரை நடந்த முதல் ஆப்கானியப் போர்க்காலத்தில் அங்கேயே இருந்து வரைந்தவர். அவருடைய படத்தொகுதி லண்டனில் 1848இல் வெளிவந்தது. இடைவெளி சில ஆண்டுகளே என்பதால் உடை பற்றிய சான்றாக அதை ஏற்கலாம். மாறாக, 1842 ஜனவரியில் ஆப்கானிஸ்தானின் காண்டமாக்கில் பிரிட்டிஷாரின் 44ஆம் படைப்பிரிவு அழிந்ததைக் காட்டும் புகழ்பெற்ற எண்ணெய் ஓவியத்தை வில்லியம் பார்ன்ஸ் வாலன் 1898இல் தீட்டினார். நிகழ்ச்சிக்கும் ஓவியத்துக்கும் இடையே 56 ஆண்டுகள் ஓடிவிட்டன. விக்டோரியா காலத்து இறுதியில் பிரிட்டிஷார் அந்தத் தோல்வியை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. 1842இல் பஷ்தூன் குடிகளில் ஒன்றான கில்ஜியைச் சேர்ந்த ஒரு வீரன் என்ன உடுத்தினான் என்பதற்கு அதை முதல் சான்றாகக் கொள்ளக் கூடாது.

ஓவியர் சென்ற இடமும் ஆண்டைப் போலவே முக்கியமானது. பிரிட்டிஷ் தூதர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டனின் குழு 1809இல் அப்போதைய ஆப்கானிய அரசர் ஷா ஷுஜாவைச் சந்தித்தது பெஷாவரில். அக்குழு காபூலுக்குச் செல்லவேயில்லை. 1815இல் வெளிவந்த அவருடைய நூலில் உள்ள வண்ணப் படங்கள் ஆளும் பஷ்தூன் குடியான துரானியின் பிரபுக்களையும், சேவகர்களையும், பெஷாவரின் கோடை உடையிலும் குளிர்கால உடையிலும் நிற்கும் மனிதர்களையும் காட்டுகின்றன. காபூல் அரசைப் பற்றிய நூல் என்பதற்காக அவற்றைக் காபூல் நகரத்து உடை என்று எழுதுவது பொருந்தாது. எமிலி ஈடன் 1844இல் வெளியிட்ட தொகுதியில் ஆப்கானிய அமீர் (ஆட்சியாளர்) தோஸ்த் முகமது கானும் அவருடைய குடும்பத்தினர் சிலரும் இடம்பெறும் படம் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. 1840 நவம்பரில் சரணடைந்த அமீர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கல்கத்தாவில் தலைமை ஆளுநரின் விருந்தாளியாகவும் கைதியாகவும் ஒருசேர இருந்தபோது, அந்த ஆளுநரின் சகோதரி வரைந்த படம் அது. முகச்சாயலுக்கு அது மதிப்புள்ளது. அரசவை உடைக்கு அதைவிடப் பொருத்தமான படம் தேட வேண்டும்.

அச்சு முறையை அடையாளம் காணுதல்

ஓவியர் தீட்டிய நீர்வண்ணப் படத்துக்கும் நம் கையில் உள்ள அச்சுப் பிரதிக்கும் இடையே குறைந்தது ஒரு கைவினைஞராவது இருக்கிறார். அவர் ஆப்கானிஸ்தானைப் பார்த்தவர் அல்லர். ஆகவே அச்சு முறையைத் தெரிந்துகொண்டால், எங்கே மாற்றம் நுழைந்திருக்கக் கூடும் என்று ஊகிக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியோ திரையில் படத்தைப் பெரிதாக்கும் வசதியோ போதும்.

எல்ஃபின்ஸ்டனின் 1815ஆம் ஆண்டு நூலின் படங்கள் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, பிறகு கையால் வண்ணம் தீட்டிய வகை. நிழல் பகுதிகள் நுண்ணிய மணல் தூவியதுபோல் தெரியும். 1840களில் வந்த தொகுதிகள், அதாவது ராணுவ மருத்துவர் ஜேம்ஸ் அட்கின்சனுடையது (1842), லாக்யர் வில்லிஸ் ஹார்ட்டுடையது (1843), ராட்ரேயுடையது ஆகியவை எல்லாம் கல்லச்சு. கல்லின் மீது மெழுகுக் கரிக்கோலால் வரைவதால் கோடுகளில் கரிக்கோலின் சொரசொரப்பு தெரியும். அட்கின்சனின் படங்களைக் கல்லில் வரைந்தவர் லூயி ஹாக். ராட்ரேயின் படங்களில் பலவற்றை வரைந்தவர் ராபர்ட் கேரிக். படத்தின் கீழ் விளிம்பில் சிறிய எழுத்தில் இடப்பக்கம் ஓவியரின் பெயரும் வலப்பக்கம் அச்சுக்கலைஞரின் பெயரும் இருப்பது வழக்கம் என்பதால், விளிம்பு வெட்டப்பட்ட பிரதியைவிட முழுத்தாளும் தெரியும் மின்பிரதியையே தேர்ந்தெடுங்கள்.

1878 முதல் 1880 வரை நடந்த இரண்டாம் ஆப்கானியப் போரில் நிலைமை வேறு. வாரச் செய்தி இதழ்கள் தங்கள் ஓவியர்களைப் போர்முனைக்கு அனுப்பின. வில்லியம் சிம்சன் அவர்களில் புகழ்பெற்றவர். களத்தில் வரைந்த குறிப்போவியம் அஞ்சலில் லண்டன் சென்று, அங்கே மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டது. பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் பிணைத்து, ஒவ்வொரு கட்டையையும் ஒவ்வொரு செதுக்குநரிடம் கொடுத்து வேலையை விரைவாக முடித்தார்கள். கட்டைகள் சேரும் இடத்தில் முடிபோல மெல்லிய வெள்ளைக் கோடு சில படங்களில் தெரியும். அக்கோட்டின் இருபுறமும் ஒரே தலைப்பாகையின் மடிப்பு வேறு வேறு பாணியில் இருந்தால் வியப்படைய வேண்டாம். இரண்டு கைகள் செதுக்கிய மடிப்பு அது. சிம்சனின் மூல நீர்வண்ணப் படங்கள் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. மூலம் கிடைக்கும்போது இதழ்ப் படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மூலத்திலிருந்தே குறிப்பெடுப்பது நல்லது.

இடவலம் மாறியிருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சரிபார்த்துவிடலாம். கல்லிலோ தகட்டிலோ கட்டையிலோ உள்ள உருவம் தாளில் கண்ணாடிப் பிம்பமாகத்தான் விழும். தேர்ந்த கலைஞர் அதைக் கணக்கில் கொண்டு திருப்பி வரைவார். எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. அக்காலத் துப்பாக்கியின் விசைப்பொறி குழலின் வலப்பக்கத்தில் இருக்கும், வலக்கைப் பழக்கமுள்ளவரின் வாள் இடப்புறம் தொங்கும். இவ்விரண்டும் ஒருசேர எதிர்ப்பக்கத்தில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். தைப்பவருக்கும் வரைபவருக்கும் இது சிறு செய்தி அன்று. அங்கியின் மேல்மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது.

யாருடைய வீரன்?

“ஆப்கானிய வீரன்” என்ற தலைப்பை அப்படியே நம்புவதுதான் இத்துறையில் மிகப் பரவலான பிழை. ராட்ரேயின் தொகுதியில் ஜான்பாஸ் குதிரைவீரர்களைக் காட்டும் படம் உண்டு. அவர்கள் ஆப்கானியர்களே, ஆனால் பிரிட்டிஷார் காபூல் அரியணையில் மீண்டும் அமர்த்திய ஷா ஷுஜாவுக்காகத் திரட்டப்பட்ட படையைச் சேர்ந்தவர்கள். ஜெசாயில் என்னும் நெடுந்துப்பாக்கி ஏந்திய ஜெசாயில்சிகளிலும் ஒரு பகுதியினர் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் போரிட்டார்கள். 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் தொடங்கிய கைட்ஸ் படையில் சேர்ந்த பஷ்தூன்கள், பிரிட்டிஷ் இந்தியப் படையிலேயே முதன்முதலாகக் காக்கி உடுத்தியவர்களுள் அடங்குவர். ஆகவே எதிரி, கூட்டாளி, சம்பளப் படையினர், பழங்குடிப் படையினர், அமீரின் நிலைப்படையினர் ஆகிய ஐவரில் படத்தில் இருப்பவர் யார் என்று முடிவு செய்த பிறகே உடை ஆராய்ச்சி தொடங்க வேண்டும்.

அமீர் ஷேர் அலியின் ஆட்சியில் நிலைப்படையினர் ஐரோப்பிய வெட்டில் தைத்த சீருடை அணிந்தார்கள். 1878க்குப் பிந்தைய படமொன்றில் பித்தான் வைத்த குட்டைச் சட்டையும் இறுக்கமான கால்சட்டையும் அணிந்த ஆப்கானியர்கள் வரிசையாக நின்றால், ஓவியர் தவறாக வரைந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். பாரம்பரிய உடையைத் தேடுபவர்கள் இத்தகைய படங்களைப் பொருந்தாதவை என்று ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது; அந்தக் காலத்து ஆப்கானிய அரசு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அவையே நேரடிச் சான்று.

ஆப்கானிய உடையில் இருப்பவரெல்லாம் ஆப்கானியரும் அல்லர். முதல் போரின்போது ஆப்கானியர் வசம் பிணையாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி காலின் மெக்கன்சியை, முழு ஆப்கானிய உடையில் ஜேம்ஸ் சான்ட் தீட்டிய ஓவியம் லண்டனின் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் நீக்கப்பட்டு இணையத்தில் சுற்றினால் அதை யாரும் ஆப்கானியத் தலைவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். கைதியாக இருந்த வின்சென்ட் ஐர் வரைந்து 1843இல் வெளியிட்ட கைதிகளின் உருவப்படங்களைப் பயன்படுத்தும்போதும் இந்த எச்சரிக்கை தேவை.

இடுப்பிலிருந்து தொடங்குங்கள்

உடையைப் பார்க்கும்போது பலரும் தலைப்பாகையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இடைக்கச்சையிலிருந்து தொடங்கச் சொல்வேன். படத்தில் மிக அதிகமாக நம்பத்தக்க பகுதி அதுதான் என்பது என் கருத்து. வரைந்தவர்களில் பெரும்பாலோர் படை அதிகாரிகள். படைக்கலத்தைக் கவனித்துப் பார்க்கும் கண் அவர்களுக்குத் தொழிலாலேயே வாய்த்திருந்தது. தோல்வாரில் தொங்கும் வெடிமருந்துக் குடுவை, ரவைப் பை, எண்ணெய்க் குப்பி போன்ற சிறு பொருள்களை லண்டனில் உட்கார்ந்திருந்த அச்சுக்கலைஞர் கற்பனையில் உருவாக்குவது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே வகைப் பொருள்கள் அருங்காட்சியகங்களில் இன்றும் இருப்பதால், படத்தை அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடிகிறது. முகங்களும் பின்னணி மலைகளும் இதற்கு நேர்மாறானவை. பாறை இடுக்கில் பதுங்கிக் குறிபார்க்கும் தோரணை, 1842 பேரழிவுக்குப் பிறகு பிரிட்டிஷ் வாசகர் எதிர்பார்த்த தோரணையும்கூட.

கச்சையில் செருகியிருக்கும் கத்தியைப் பாருங்கள். கைபர் கத்தி எனப்படுவது நீண்ட, நேரான, ஒருபக்கம் மட்டும் கூருள்ள கத்தி. அதன் முதுகு தடித்திருக்கும், பிடியில் காப்பு இருக்காது, உறைக்குள் இட்டால் பிடியின் பெரும்பகுதியும் உறைக்குள் புதைந்துவிடும். எனவே படத்தில் உறைக்கு வெளியே பிடியின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது சரியான சித்திரிப்பே. வளைந்த வாள்களில், பிடிக்காப்பின் இரு முனைகளும் அலகை நோக்கிக் கீழே வளைந்திருந்தால் அது பெரும்பாலும் புல்வார் என்னும் ஆப்கானிய வகை. வட்டத் தகடு போன்ற குமிழும் நேரான காப்பும் இருந்தால் இந்தியத் தல்வார். இரண்டும் அங்கே புழங்கின.

துப்பாக்கி காலத்தைச் சொல்லும். ஆனால் ஒரு திசையில் மட்டுமே சொல்லும். ஜெசாயிலின் குழல் மிக நீளமானது, அடிக்கட்டை ஆழமாக வளைந்தது, குழலைத் தாங்கக் கவைக்கோல் இணைந்திருப்பதும் உண்டு. எரியும் திரியைப் பிடிக்கும் கொக்கி தெரிந்தால் அது திரித்துப்பாக்கி. கல்லைக் கவ்விய சுத்தி தெரிந்தால் சக்கிமுக்கித் துப்பாக்கி. பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் விசைப்பொறியைக் கழற்றி ஜெசாயிலில் பொருத்துவதும் வழக்கமாக இருந்தது. ஜெசாயில் நூற்றாண்டு முழுவதும் புழக்கத்தில் இருந்ததால், அது இருப்பதைக் கொண்டு படம் பழையது என்று முடிவு கட்ட முடியாது. வீரன் கையில் மார்ட்டினி–ஹென்றி துப்பாக்கி இருந்தால், அத்துப்பாக்கி பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்ட 1871க்கு முந்தைய காட்சியாக அப்படம் இருக்க முடியாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இடுப்பிலிருந்து மேலே வந்தால் போஸ்தீன். ஆட்டுத்தோலை மஞ்சள் சாயலில் பதனிட்டு, கம்பளிமயிர் உட்பக்கம் இருக்குமாறு தைத்து, வெளிப்பக்கத்தில் பட்டு நூலால் பூவேலை செய்த இந்தக் குளிர்கால மேலங்கியை நன்றாக வரைந்த படத்தில் கழுத்து, கைமுனை, கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் மயிர் எட்டிப் பார்க்கும். நீண்ட போஸ்தீனைப் பலர் கைகளை நுழைக்காமல் தோளில் போட்டுக்கொள்வார்கள். வெறுங்கைகள் இருபுறமும் தொங்கும். துணியால் ஆன நீண்ட அங்கியான சோகாவையும் அவ்வாறே போட்டுக்கொள்வது உண்டு என்பதால், தொங்கும் கையைப் பார்த்தே போஸ்தீன் என்று எழுதிவிடாமல் விளிம்பில் மயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ராட்ரே குளிர்கால உடையில் நிற்கும் ஆப்கானியக் காலாட்களையும், கோடை உடையில் பாறைகளுக்கிடையே இயங்கும், காபூலுக்கு வடக்கேயுள்ள கோஹிஸ்தான் பகுதிக் காலாட்களையும் தனித்தனிப் படங்களாகத் தந்திருக்கிறார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை. எது பருவத்தால் வந்த வேறுபாடு, எது வட்டாரத்தால் வந்த வேறுபாடு என்று பிரித்துப் பார்க்க அது கற்றுத்தரும்.

தலையில் கூம்பு வடிவக் குல்லாவும் அதைச் சுற்றிய தலைப்பாகையும் இருக்கும். பழைய குறிப்புகளில் லுங்கி என்று வருவது இந்தத் தலைப்பாகைத் துணியையே. இடுப்பில் உடுத்துவது என்று கொண்டுவிடக் கூடாது. கீழே தளர்வான சல்வாரும், காலில் செருப்போ முழங்காலளவு தோல் காலணியோ இருக்கும். கால்கள் பல படங்களில் புல்லிலும் கற்களிலும் மறைந்துபோவதால், காலணிக்கு எப்போதும் இன்னொரு படத்தை நாட வேண்டியிருக்கும்.

முழுக் கவசம் பூண்ட துரானித் தலைவர்களைக் காட்டும் ராட்ரேயின் படம் அடிக்கடி மறுபதிப்பாகிறது. சங்கிலிக் கவசமும் தலைக்கவசமும் செல்வந்தரின் பெருமிதச் சின்னங்கள்; அப்படத்தை வைத்து ஒரு படை முழுவதற்கும் கவசம் மாட்டிவிடாதீர்கள்.

பெண்களின் உடை

ஆண் அதிகாரிகள் அந்நிய வீட்டின் பெண்கள் பகுதிக்குள் நுழைய முடியாத சமூகத்தில், வீட்டினுள் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று காட்டும் படம் எதைப் பார்த்து வரையப்பட்டது என்று கேட்பது நியாயம். நகரத்துப் பெண்கள் வெளியே வரும்போது உடல் முழுவதையும் மூடி, கண்களின் முன் வலைப்பின்னல் வைத்த வெள்ளைப் போர்வை அணிந்ததை எவரும் தெருவில் பார்த்திருக்கலாம். அத்தகைய படத்தை நம்புவதில் சிக்கல் குறைவு. நாடோடிக் குடும்பங்களின் பெண்கள் முகத்தை மூடாமலே பயணம் செய்ததால் அவர்களும் நேரில் பார்த்து வரையப்பட்டிருக்கலாம். மெத்தையில் சாய்ந்திருக்கும் சீமாட்டியின் படமாக இருந்தால், அதிலுள்ள நகையையும் துணியையும் குறித்துக்கொண்டு, அவை உடல்மீது அமைந்திருக்கும் விதத்தை ஐயத்துக்கு உரியதாக வைத்துக்கொள்வதே சரி.

நிறத்தை எப்போதும் கடைசியில்

கையால் வண்ணம் தீட்டிய ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் ஒரே அங்கி வேறு வேறு நிறத்தில் இருப்பதுண்டு. அதனால் குறைந்தது இரண்டு நூலகங்களின் பிரதிகளையாவது ஒப்பிடாமல் நிறத்தைக் குறிக்க வேண்டாம். ஈயவெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்துப்போகும்; வெண்மையாக இருக்க வேண்டிய தலைப்பாகையில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை சாயமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. செய்தி இதழ்களின் மரச்செதுக்குப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் வெளிவந்தன; அவற்றில் இன்று காணும் வண்ணம் பிற்கால விற்பனையாளர்கள் தீட்டியது.

சேகரிப்பாளர்களின் கைவண்ணமும் உண்டு. நியூயார்க் பொது நூலகத்தில் உள்ள விங்க்ஹாய்சன் தொகுப்பு, டச்சு மருத்துவர் ஒருவர் உலகப் படைகளின் சீருடைகள் பற்றித் திரட்டிய 32,000க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டது. அவர் நூல்களிலிருந்து பக்கங்களை எடுத்து ஒட்டியதோடு, பல படங்களுக்குத் தாமே வண்ணமும் தீட்டினார். உலகெங்கும் பலர் பயன்படுத்தும் அத்தொகுப்பில் ஓர் ஆப்கானிய வீரனின் சிவப்பு அங்கியைக் கண்டால், அந்தப் பக்கம் எந்த நூலிலிருந்து வந்தது என்று தேடி, மூல நூலில் அந்தச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடலும் குறிப்பெழுதுதலும்

பிரிட்டிஷ் நூலகம், லண்டனின் தேசியப் படை அருங்காட்சியகம், பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆன் எஸ். கே. பிரவுன் படைத்துறைத் தொகுப்பு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றில் முதலில் தேடலாம். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிப் படங்கள் அகப்படா. எல்ஃபின்ஸ்டனும் ராட்ரேயும் காபூலையும் துரானியையும் ஆப்கானிஸ்தானையும் தத்தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அவர்களுடைய நூல்களின் தலைப்புப் பக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே தேடல் பெட்டியில் இடுங்கள். இரண்டாம் போருக்கு ஜான் பர்க் எடுத்த புகைப்படங்களையும் சேர்த்துப் பாருங்கள். 1879 மே மாதம் காண்டமாக்கில் அமீர் யாகூப் கானும் பிரிட்டிஷ் அதிகாரி கேவக்னாரியும் அமர்ந்திருக்கும் படம் அவருடையது. அக்காலக் கருவிக்கு முன்னால் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால் தோரணை செயற்கையாக இருக்கும். துணியின் மடிப்பும் தையலும் அப்படியே பதிந்திருக்கும்.

19ஆம் நூற்றாண்டு அச்சுப் படங்களுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது என்றாலும், மின்பிரதியைப் பயன்படுத்த ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கும் விதிகளைத் தனியே படித்துக்கொள்ளுங்கள். படத்தை வெளியிடும்போது அடிக்குறிப்பில் பொருள், பருவம், வரைந்தவர், வரைந்த காலம், அச்சு முறை, அச்சான இடம், ஆண்டு ஆகியவை இருக்கட்டும். “கோஹிஸ்தான் காலாட்கள், கோடை உடையில், முதல் ஆப்கானியப் போர்க்காலத்தில் ஜேம்ஸ் ராட்ரே வரைந்தது, கல்லச்சு, லண்டன், 1848, கையால் தீட்டிய வண்ணம்” என்பது போதுமானது. தைப்பவருக்கோ ஓவியருக்கோ பிரதி எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், பிற படங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்த பகுதிகளை ஒரு நிறத்திலும், அச்சுக்கலைஞரின் ஊகமாக இருக்கக்கூடிய பகுதிகளை வேறு நிறத்திலும் வட்டமிட்டுக் கொடுங்கள்.